அரிசிப் படத்தில் வெட்ட ஒன்றுமில்லை

நவம்பர் பதினொன்றாம் தேதி, திங்கட்கிழமை. காலையில் துபாய் கராமாவில் வழக்கமான பஸ்ஸைப் பிடித்து, எட்டு மணிக்கு முன்பே தெய்ராவிலிருந்த எங்கள் அலுவலகத்துக்கு வந்துவிட்டேன். விரல் வைத்து வருகையைப் பதிந்தேன். திரையிடும் அறையில் ஏ.சி.யைப் போட்டேன். புரொஜக்டர் சூடாவதற்குள் கீழேயிருந்த கஃபெட்டேரியாவிலிருந்து இரண்டு கரக் டீ வந்தது. சர்க்கரை போடாததை என் மேலதிகாரி ரங்கநாதன் சாரின் மேஜையில் வைத்து மூடினேன். அவருடைய நாற்காலியைத் திரைக்கு முதுகு காட்டும்படி, சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தேன். பிறகு ஜப்பானிலிருந்து கூரியரில் வந்திருந்த ஆரஞ்சு நிறப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே இயக்குநர் தகெமோரியின் புதுப் படம் இருந்தது.

இன்று அந்த அலுவலகத்தில் வேலை பார்க்கும் பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் என்னிடம் கேட்கிறார்கள்: "அங்கிள், நிஜமாவே படத்த வெட்டுவீங்களா? கத்தரியாலயா?" அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் வயது வரம்பு. படம் தொடங்கும் முன் ஒரு எண்ணைக் காட்டிவிட்டால் அவர்கள் வேலை முடிந்தது. எங்கள் வேலை எப்படி நடந்தது என்பதை அவர்களுக்காக எழுதுகிறேன். நாள் தவறாமல் குறிப்பு எழுதும் பழக்கம் எனக்கு உண்டு. எனவே ஞாபகத்தை நம்ப வேண்டியதில்லை.

கோடம்பாக்கத்தில் ஒரு எடிட்டிங் அறையில் உதவியாளனாகச் சேர்ந்து ஃபிலிமை ஒட்டக் கற்றுக்கொண்டேன். துபாய்க்கு வந்து வெட்டக் கற்றுக்கொண்டேன். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான்.

எங்கள் கம்பெனி வெளிநாட்டுப் படங்களை வாங்கி வளைகுடாவில் திரையிடும். அரசுக்கு அனுப்பும் முன்பே படத்தில் ஆட்சேபம் வரக்கூடியவற்றை நாங்களே எடுத்துவிடுவோம். எங்கள் பிரிவின் பெயர் 'தயாரிப்பு'. நாங்கள் தயாரித்தது எதுவும் இல்லை. தயாராக வந்ததைக் குறைத்துக்கொண்டிருந்தோம். அதிகாரிகள் எதை வெட்டச் சொல்வார்கள் என்று என் பணிக்காலம் முழுவதும் எனக்குத் தெரியாது. வெட்டுவதற்கு அவர்களுக்கு நாங்கள் எதையும் மிச்சம் வைத்ததில்லை.

பிரிவின் தலைவர் ரங்கநாதன் சார். திருவல்லிக்கேணிக்காரர். நெற்றியில் மெல்லிய சிவப்புக் கோடு, இஸ்திரி கலையாத முழுக்கைச் சட்டை, பாக்கெட்டில் மூடியோடு ஒரு பேனா. வளைகுடாவில் எந்தக் காட்சி ஓடலாம், எது ஓடக் கூடாது என்பதில் அவர் சொல்தான் எங்களுக்குக் கடைசிச் சொல். அவர் ஒரு படத்தையும் பார்த்ததில்லை.

மிகைப்படுத்திச் சொல்லவில்லை. அவர் சுவரைப் பார்த்து உட்காருவார். சுவரில் ஷார்ஜா சூப்பர்மார்க்கெட் ஒன்று கொடுத்த காலண்டர் தொங்கும். அதில் ஒரு வல்லூறு. சார் வல்லூறைப் பார்த்தபடி படத்தின் சத்தத்தைக் கேட்பார். சத்தம் சந்தேகமாகப் பட்டால் கையைத் தூக்குவார். நான் படத்தை நிறுத்தி, திரையில் என்ன நடக்கிறது என்று சொல்வேன். அதைக் கேட்டு அவர் முடிவு சொல்வார். 'எடு', 'இருக்கட்டும்' என்ற இரண்டு சொற்களில் எல்லாம் முடிந்துவிடும். முதல் சொல்லைத்தான் நான் அதிகம் கேட்டிருக்கிறேன்.

சேர்ந்த புதிதில் ஒருமுறை காரணம் கேட்டேன்.

"பார்த்தா தீர்ப்பு தடுமாறும்யா முருகேசன்," என்றார். "கொலை கேஸ்ல ஜட்ஜ் சம்பவ இடத்துல நின்னு வேடிக்கை பார்த்தாரா? சாட்சி சொல்றதைக் கேட்டுத்தானே தீர்ப்பு எழுதறார்?"

"நான் சாட்சியா சார்?"

"பின்னே? அதனாலதான் உன் வார்த்தை சுத்தமா இருக்கணும்."

என் வார்த்தை சுத்தமாக இருந்தது. அவர் முன்னால் சொல்லக் கூடியதாக ஒரு மொழியே எங்களுக்குள் உருவானது. காதலர்கள் முகத்தோடு முகம் நெருங்கினால் 'பேச்சை நிறுத்திட்டாங்க'. அதற்கு மேல் போனால் 'குடும்ப விஷயம்'. ஆடை குறைந்தால் 'உடுப்புப் பிரச்சினை'. ரத்தம் என்றால் 'சிவப்பு'. இந்த நான்கு வகைக்குள் அடங்காத படத்தை நான் பார்த்ததில்லை. தகெமோரியின் படங்கள் நான்கிலும் அடங்கின.

தகெமோரியை நாங்கள் தேடிப் போய் வாங்கவில்லை. ஜப்பானிலிருந்து ஒரு குழந்தைகள் கார்ட்டூன் தொடரை எங்கள் முதலாளி வாங்கினார். அதை விற்ற கம்பெனி, கார்ட்டூன் வேண்டுமென்றால் இவருடைய படங்களும் கூடவே வரும் என்று ஒப்பந்தம் போட்டுவிட்டது. அப்போதே அவர் பெயர் உலகம் முழுக்கக் கெட்டிருந்தது; அதாவது புகழ்பெற்றிருந்தது. அவர் ஊரிலேயே அவர் மீது வழக்கு. ஐரோப்பாவில் ஒரு விழாவில் பாதிப் பேர் அரங்கை விட்டு வெளியேறினார்களாம், மீதிப் பேர் எழுந்து நின்று கை தட்டினார்களாம். கை தட்டியவர்களைப் பற்றிய செய்தியைப் போட்டு நாங்கள் விளம்பரம் செய்தோம். வெளியேறியவர்களைப் பற்றிய செய்தியைப் படித்துப் படத்தை வெட்டினோம்.

முதலில் வந்ததை எங்கள் அலுவலகத்தில் 'மீன் படம்' என்று அழைத்தோம். மீன் கடையில் வேலை செய்யும் ஒருவன், கடை முதலாளியின் மனைவி, ஒரு நீளமான கத்தி.

சார் கையைத் தூக்கினார். "யாரு இருக்கா?"

"மீன் கடைக்காரனும் முதலாளி சம்சாரமும் சார்."

"என்ன பண்றா?"

"பேசிக்கிட்டு இருந்தாங்க சார். இப்போ பேச்சை நிறுத்திட்டாங்க."

"எடு."

"மறுபடியும் பேச ஆரம்பிச்சுட்டாங்க சார்."

"என்ன பேசறா?"

"மீன் விலை சார்."

"நடுவுல நிறுத்தினாளோல்லியோ? அதை எடு. மீன் விலை இருக்கட்டும்."

இப்படியாக மீன் படம் மீன் வியாபாரத்தைப் பற்றிய படமானது. அடுத்து வந்தது 'குளியல் படம்'. ஊர்ப் பொதுக் குளியல் கூடம் ஒன்றில் முழுக்க முழுக்க நடக்கும் கதை. சார் தொடர்ந்து கையைத் தூக்கியே வைத்திருந்தார். இறக்கினால்தான் எனக்குச் சைகை. நாங்கள் முடித்தபோது படத்தில் நீராவியும், வாசலில் கழற்றிப் போட்ட மரச் செருப்புகளும், வாசலில் உட்கார்ந்து டிக்கெட் கிழிக்கும் ஒரு கிழவரும்தான் மிச்சம். அது ஓமானில் சோஹார் தியேட்டரில் ஓடியது. அங்கே துறைமுகத்தில் வேலை பார்த்த என் சித்தப்பா மகன் செல்வம், இடைவேளையில் எனக்கு போன் செய்தான்.

"அண்ணே, ஒரு சந்தேகம். படம் முடிஞ்சிருச்சா, இல்ல இனிமேதான் ஆரம்பிக்குதா?"

"ஏன்டா?"

"எல்லாரும் உள்ள போறாங்க, வெளிய வர்றாங்க. நடுவுல என்ன நடக்குதுன்னே தெரியல. பக்கத்துல ஒரு பாகிஸ்தானி பாய், 'இது சோப்பு விளம்பரம்'ங்கிறாரு."

பிறகு 'ஆஸ்பத்திரிப் படம்'. விமர்சகர்கள் மீது கோபப்பட்டு எடுத்ததாகச் சொன்னார்கள். மூலப் படத்தில் ஆஸ்பத்திரிக்குள் போன ஒருவரும் உயிரோடு திரும்புவதில்லை. சிவப்பை எல்லாம் எடுத்த பிறகு, போன எல்லோரும் நடுவில் எந்தச் சிகிச்சையும் இல்லாமல் குணமானதைப் போல ஆகிவிட்டது. அபுதாபியில் குடும்பத்தோடு பார்த்தவர்கள், மனசுக்கு ஆறுதலான படம் என்றார்கள். உலகம் எங்கும் கலகக்காரர் என்று பேரெடுத்த தகெமோரி, வளைகுடாவில் மட்டும் மீன், நீராவி, ஆரோக்கியம் ஆகியவற்றில் ஈடுபாடுள்ள, சற்று அவசரமான ஓர் இயக்குநராக அறியப்பட்டார்.

ஒப்பந்தப்படி ஒவ்வொரு வெட்டுக்கும் அவருடைய சம்மதம் தேவை. என்ன எடுத்தோம், ஏன் எடுத்தோம் என்று ஆங்கிலத்தில் எழுதி அனுப்புவேன். சார் ஏற்றுக்கொண்ட அதே சுத்தமான மொழியில்தான் எழுதுவேன்: 'இருவரும் உரையாடலை நிறுத்துகிறார்கள்.' படப்பிடிப்பில் ஆட்கள் மீது சாம்பல் கிண்ணத்தை எறிபவர் என்று பெயர் வாங்கியிருந்த மனிதர், எங்கள் கடிதங்களை ஒருமுறைகூட மறுத்ததில்லை. கையெழுத்துக்குப் பக்கத்தில் ஒவ்வொரு முறையும் சின்னதாக ஒரு கத்தரிக்கோல் வரைந்திருப்பார்.

பிறகுதான் அரசு விதியில் மாற்றம் வந்தது. இனி படத்தை வெட்ட வேண்டியதில்லை, பார்ப்பவர் வயதைக் குறித்தால் போதும் என்றானது. நாங்கள் சிறிது காலம் அதை நம்பவில்லை. வெட்டிக்கொண்டேயிருந்தோம். ஒருநாள் முதலாளி எங்கள் அறைக்கு வந்தார். அமீரகத்துக்காரர், நல்ல மனிதர், ஊழியர்களிடம் பம்பாயில் கற்ற ஹிந்தியில்தான் பேசுவார்.

"ரங்கா, அபி கட் மாஃபி. ஏஜ் லிக்கோ, கலாஸ்," என்றார். வெட்டு இல்லை, வயதை எழுது, முடிந்தது. பிறகு அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, "தோ தும் லோக் கியா கர்தா?" என்று கேட்டார்.

அப்படியானால் நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

எனக்கு இன்னும் வயது இருந்தது. சப்டைட்டில் பிரிவுக்கு மாறிக்கொள்ளலாம். சாருக்கு அறுபது முடிந்திருந்தது. விசாவைப் புதுப்பிப்பது டிசம்பரில் முதலாளியின் கையெழுத்தைப் பொறுத்தது. அவருக்குக் காலம் கடந்து பிறந்த ஒரே மகள் வைதேகி, ஷார்ஜாவில் பன்னிரண்டாம் வகுப்பு. அப்பாவின் விசா போனால் அவளுடையதும் போகும். பொதுத் தேர்வு மார்ச்சில்.

"மார்ச் வரைக்கும்யா," என்றார் சார், வல்லூறைப் பார்த்தபடி. "அதுக்கப்புறம் நானே பொட்டியைக் கட்டிண்டு கிளம்பிடறேன். நடுவுல கொண்டு போய் எந்த ஸ்கூல்ல சேர்க்கறது? இப்பவே கெமிஸ்ட்ரின்னா அழறா."

முதலாளியிடம் போய்க் கேட்டார். முதலாளி நியாயமாகவே பதில் சொன்னார்: தகெமோரியின் புதுப் படம் வருகிறது. அந்த ஆளின் படத்துக்கு வயது வரம்பு மட்டும் போதாது என்று எல்லோருக்கும் தெரியும். அதில் என்ன எடுக்க வேண்டியிருக்கிறது என்று காட்டு, உன் பிரிவு தேவைதான் என்று நானும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆக, ஒரு வெட்டு. ஒன்றே ஒன்று கிடைத்தால் மார்ச் வரை நீடிக்கும். நவம்பர் பதினொன்றாம் தேதி அந்த ஆரஞ்சுப் பெட்டியை நான் திறந்தபோது எங்களுக்கு அவ்வளவு நம்பிக்கை இருந்தது. தகெமோரி எங்களை ஒருபோதும் வெறுங்கையோடு அனுப்பியதில்லை.

படத்தை ஓட விட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. சார் கையைத் தூக்கினார்.

"என்னய்யா, ஸ்பீக்கர் போச்சா?"

"இல்ல சார். தண்ணி சத்தம் மட்டும்தான்."

"தண்ணியா?" அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "குளிக்கறாளா?"

"அரிசி களையறாங்க சார்."

"யாரு?"

"ஒரு வயசான அம்மா. பக்கத்துல அவங்க வீட்டுக்காரர்."

"பேச்சை நிறுத்திட்டாளா?"

"இன்னும் பேசவே ஆரம்பிக்கல சார். அரிசி களையறாங்க."

"உடுப்பு?"

"கம்பளிச் சட்டை சார். ரெண்டு பேருக்கும் கழுத்து வரைக்கும் பட்டன் போட்டிருக்கு."

"முருகேசன், நீ எதையோ மறைக்கிறே. தகெமோரி படத்துல இப்படி ஒண்ணுமில்லாம இருக்காது. கத்தி எங்க?"

"வெள்ளரிக்காய் நறுக்கறாங்க சார்."

"யாரை நினைச்சுண்டு?"

"அது தெரியல சார்."

மத்தியானம்வரை பார்த்தோம். கிழவரும் கிழவியும் சாப்பிட்டார்கள், மழை பெய்தது, தபால்காரர் வந்து போனார். அரிசி பல முறை களையப்பட்டது. சார் தூக்கிய கையெல்லாம் வீணானது. படம் முடிந்தபோது அவர் டிபன் பாக்ஸைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தார்.

"எழுபது வயசுக்கு மேல இந்த மனுஷன் இப்படி ஒழுங்கானா, நாமெல்லாம் எங்க போறது?"

வியாழக்கிழமை மாலை துபாயில் சிறப்புக் காட்சி. முதலாளியின் அழைப்பின் பேரில் தகெமோரியே வந்திருந்தார். புதன்கிழமை காலை, எங்கள் அறையைப் பார்க்க வேண்டும் என்று அவரே கேட்டு வந்தார். அவர் வருவதற்கு முன்பே மேஜையிலிருந்த காகித எடைக்கல், பூச்சாடி, ஸ்டேப்லர் எல்லாவற்றையும் எடுத்து அலமாரியில் பூட்டிவிட்டோம். முன்கூட்டியே எடுத்துவிடுவது எங்களுக்குப் பழக்கம்தானே.

சிறிய உருவம். துணித் தொப்பி, துணி ஷூ. கூட மொழிபெயர்ப்பாளராகக் காயத்ரி என்ற பெண். சென்னையில் ஒரு ஜப்பானியத் தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது அந்த மொழியைக் கற்றவர். இப்போது கணவரோடு கராமாவில் குடியிருக்கிறார். தமிழரை நடுவில் வைத்தது எங்களுக்கு வசதியாக இருந்தது.

தகெமோரி உட்கார்ந்ததும் முதல் கேள்வி கேட்டார். "எவ்வளவு வெட்டினீங்கன்னு கேக்கறார் சார்," என்றார் காயத்ரி.

சார் சங்கடத்தோடு, "இன்னும் ஒண்ணும் எடுக்கலைம்மா," என்றார்.

தகெமோரி எழுந்தார். கத்தினார். கை மேஜையைத் துழாவியது. எறிய எதுவும் அகப்படவில்லை. தொப்பியைக் கழற்றி அதை எறிந்தார். மறுபடியும் கத்தினார்.

காயத்ரி எங்கள் பக்கம் திரும்பி, "கொஞ்சம் வருத்தப்படறார் சார்," என்றார்.

"அவ்வளவு நேரம் கத்தினதுக்கு இவ்வளவுதானாம்மா?" என்றேன்.

"மீதியெல்லாம் எதுக்கு சார், விடுங்க."

சார் அந்தப் பெண்ணை மரியாதையோடு பார்த்தார். தொழில் தெரிந்தவர் இன்னொரு தொழில் தெரிந்தவரைப் பார்க்கும் பார்வை.

மெல்ல மெல்ல விஷயம் வெளியே வந்தது. இந்தப் படத்துக்கு உலகத்தில் எங்கேயும் எதிர்ப்பு இல்லை. ஐரோப்பாவில் ஒருவர்கூட வெளியேறவில்லை. அவர் ஊர்ப் பத்திரிகைகள் 'பக்குவப்பட்டுவிட்டார்' என்று எழுதின.

"பள்ளிக்கூடத்துல காட்டலாம்னு ஒருத்தர் எழுதிட்டாராம் சார். அதுலேருந்து அவருக்குத் தூக்கம் இல்லையாம்," என்றார் காயத்ரி. "அடுத்த படத்துக்குத் தயாரிப்பாளர் கிடைக்க மாட்டேங்கறாராம். கடைசி நம்பிக்கையா உங்களைத்தான் நினைச்சுண்டு விமானம் ஏறினாராம். 'துபாயில் வெட்டினார்கள்'னு ஒரு செய்தி வந்தா போதுமாம்."

தகெமோரி தன் பையிலிருந்து பழைய காகிதங்களை எடுத்தார். அவை நான் அனுப்பிய கடிதங்கள். ஒன்றைக் காட்டிச் சிரித்தார்.

"இது அவருக்கு ரொம்பப் பிடிக்குமாம். 'இருவரும் உரையாடலை நிறுத்துகிறார்கள்.' அவர் படத்தை இவ்வளவு அக்கறையா பார்த்தவங்க உலகத்திலேயே நீங்கதான்னு சொல்றார்."

சார் என்னைப் பார்த்தார். நான் வல்லூறைப் பார்த்தேன்.

"நான் அவர் படம் எதையும் பார்த்ததில்லைன்னு சொல்லும்மா," என்றார் சார். காயத்ரி அதைச் சொன்னாரா, வேறு எதையாவது சொன்னாரா தெரியாது. தகெமோரி குனிந்து வணங்கினார்.

பிறகு சாரும் தன் பங்கைச் சொன்னார். ஒரு வெட்டு தனக்கும் வேண்டும் என்றார். டிசம்பர், விசா, வைதேகி, மார்ச், கெமிஸ்ட்ரி. தகெமோரி எல்லாவற்றையும் கேட்டார். தானும் கெமிஸ்ட்ரியில் தோற்றவன்தான் என்றார். இரண்டு பெரியவர்களும் ஒரே நோக்கத்தோடு வேலையில் இறங்கினார்கள். வெட்டுபவரும் வெட்டப்படுபவரும் இவ்வளவு ஒற்றுமையாக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

படத்தைப் போட்டேன். சார் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தகெமோரியே ஒவ்வொரு இடமாகச் சுட்டிக் காட்டினார்.

"கிழவி, கிழவருக்கு முதுகு தேய்ச்சு விடற இடத்தை எடுக்கலாமான்னு கேக்கறார் சார்."

"முதுகா?" சாரின் குரலில் உயிர் வந்தது. "எவ்வளவு முதுகு?"

"பனியன் போட்டிருக்காரு சார்," என்றேன்.

"பனியனைக் கழற்றத்தான் சொன்னாராம். நடிகருக்குச் சளி பிடிச்சிருந்ததாம்," என்றார் காயத்ரி.

தபால்காரர் கிழவியிடம் கையெழுத்து வாங்கும்போது விரல் படுவதாகத் தகெமோரி சொன்னார். நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். பேனாதான் பட்டது.

அப்போதுதான் அவர் கவனித்தார், சார் திரையைப் பார்க்காமலே உட்கார்ந்திருப்பதை. எழுந்து போனார். சக்கரம் வைத்த அந்த நாற்காலியை, அதில் உட்கார்ந்திருந்த சாரோடு சேர்த்து, இரண்டு கையாலும் பிடித்துத் திரையின் பக்கம் திருப்பினார். சார் எழ முயன்றார். தோளில் கை வைத்து உட்கார வைத்தார். என்னைப் பார்த்து, அரிசிக் காட்சியைப் போடும்படி சைகை காட்டினார்.

அந்தக் காட்சியை நான் 'அரிசி களையறாங்க சார்' என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன். நடப்பது இதுதான். கிழவிக்கு மறதி வந்துவிட்டது. களைந்த அரிசியைக் களைந்ததே தெரியாமல், மறுபடியும் தண்ணீர் ஊற்றிக் களைகிறாள். ஒவ்வொரு முறையும் கிழவர் பாத்திரத்தை வாங்கி, அந்தத் தண்ணீரை ஜன்னலோரச் செடிக்கு ஊற்றிவிட்டு, அரிசியைத் திருப்பிக் கொடுக்கிறார். "களைஞ்சாச்சா?" என்று அவள் கேட்கிறாள். "இன்னும் இல்லை," என்கிறார். அவளும் நிம்மதியாக மறுபடியும் தொடங்குகிறாள். அவ்வளவுதான்.

காட்சி முடிந்தது.

"எங்கே வெட்டலாம்னு கேக்கறார் சார்," என்றார் காயத்ரி மெதுவாக.

சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எங்கேயும் முடியாதும்மா."

தகெமோரி ஏதோ கேட்டார்.

"கொஞ்சமாவது, ஒரு நொடியாவதுன்னு..."

"நான் கை வைக்க மாட்டேன்னு சொல்லு."

"சார், மார்ச்..." என்றேன்.

"தெரியும்யா!" என்றார் சார். என்னிடம் அவர் குரல் உயர்த்தியது அந்த ஒருமுறைதான்.

தகெமோரி இந்த முறை கத்தவில்லை. தொப்பியைத் தேடி எடுத்துக்கொண்டு போய்விட்டார். சார் தன் பேனாவைத் திறந்து அறிக்கையில் எழுதினார்: வெட்டு, இல்லை.

முதலாளி அதைப் படித்தார். "ஜீரோ? தகெமோரி மே ஜீரோ?" என்று இரண்டு முறை கேட்டார். பிறகு அன்போடு சாரின் தோளைத் தட்டி, "ரங்கா, தும் ஆராம் கரோ," என்றார். நீ ஓய்வெடு. விசாவைப் பற்றி இனிக் கேட்க ஒன்றுமில்லை. சார் அன்று மாலையே வைதேகியின் பள்ளிக்கு போன் செய்து, மாற்றுச் சான்றிதழுக்கு என்ன செய்ய வேண்டும் என்று விசாரித்தார்.

வியாழக்கிழமை மாலை. அரங்கம் பாதி நிறைந்திருந்தது. படம் ஓடும்போது யாரும் வெளியேறவில்லை. முன் வரிசையில் ஒருவர் தூங்கினார். முடிந்ததும் கேள்வி நேரம். ஒரு பத்திரிகையாளர் எழுந்து, "நீங்கள் ஏன் இப்படி மென்மையாக மாறிவிட்டீர்கள்?" என்று கேட்டார்.

தகெமோரி மைக்கை வாங்கினார். நீளமாகப் பேசினார். காயத்ரியின் முகம் மாறியது. பிறகு அவர் ஆங்கிலத்தில் சொன்னார்; ஒரு சொல்லைக்கூட விடாமல், குறைக்காமல், முதல்முறையாக. நான் மாறவில்லை. நீங்கள் பார்த்தது என் படமே இல்லை. இதன் முக்கியமான காட்சியை இந்த ஊரில் எடுத்துவிட்டார்கள். என்ன காட்சி என்று சொல்ல எனக்கு நாக்கு கூசுகிறது.

தூங்கியவர் விழித்துக்கொண்டார். எல்லோர் கையிலும் போன் உயர்ந்தது. முதலாளி எழுந்து நின்றுவிட்டார்.

மேடையிலிருந்து இறங்கி எங்களைக் கடக்கும்போது தகெமோரி நின்றார். காயத்ரியின் காதில் ஏதோ கேட்டார்.

"பரீட்சை எந்த மாசம் முடியும்னு சொன்னீங்கன்னு கேக்கறார் சார்."

"மார்ச்," என்றார் சார், ஒன்றும் புரியாமல்.

"அப்போ மார்ச் முடியற வரைக்கும் இதை மறுக்க மாட்டாராம். அதுக்கப்புறம் வாபஸ் வாங்கிக்கறாராம்."

அவர் அதை வைதேகிக்காகச் சொன்னாரா, அடுத்த படத்தின் தயாரிப்பாளருக்காகச் சொன்னாரா என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். கலகக்காரர் என்று பேரெடுத்தவர்கள் ஒரே பொய்யில் இரண்டு காரியம் முடிப்பார்கள் போலிருக்கிறது.

அரங்க வாசலிலேயே முதலாளியின் போன் ஒலிக்கத் தொடங்கியது. 'நாங்கள் வெட்டவில்லையே, யார் வெட்டினார்கள்?' என்று அதிகாரிகள் கேட்டார்கள். ஜப்பான் பத்திரிகைகள் கேட்டன. முதலாளி சாரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ரங்கா, தும் போலோ. குச் கட் கியா?" நீ சொல், எதையாவது வெட்டினாயா?

"நத்திங், அர்பாப்." முதலாளியை நாங்கள் அப்படித்தான் அழைப்போம்.

"சாபித் கரோ." நிரூபி. காட்சி காட்சியாகப் பார்த்து, எதையும் வெட்டவில்லை என்று எழுத்தில் கொடு. மூலப் படத்தோடு ஒப்பிட்டுக் கொடு. இந்த விவகாரம் முடியும்வரை நீ எங்கேயும் போகக் கூடாது. விசா காகிதம் காலையில் மேஜைக்கு வரும்.

ஆக, வெட்டுவதற்காக இருந்த எங்கள் பிரிவு, வெட்டவில்லை என்று நிரூபிப்பதற்காகத் தொடர்ந்தது. வீடு திரும்பும் வழியில் சோஹாரிலிருந்து செல்வம் போன் செய்தான்.

"அண்ணே, அந்த ஜப்பான்காரர் படத்துல பெரிய சீன் ஒண்ணைத் தூக்கிட்டீங்களாமே! இங்க கேம்ப் முழுக்க அதே பேச்சு. அந்த பாகிஸ்தானி பாய்கூட வந்து கேக்குறாரு. உங்ககிட்ட இருக்கும்ல?"

"அரிசி களையறது மட்டும்தான்டா இருக்கு."

"சரி சரி," என்றான் செல்வம். "போன்ல சொல்ல முடியாதுன்னு புரியுதுண்ணே."

வெள்ளிக்கிழமை காலை. அரை நாள் டூட்டி. விரல் வைத்து வருகையைப் பதிந்தேன். ஏ.சி.யைப் போட்டேன். டீ வந்தது, சர்க்கரை இல்லாததை மேஜையில் வைத்து மூடினேன். பழக்க தோஷத்தில் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன். சார் வந்தார். நாற்காலியைப் பார்த்தார். அதைத் திரையின் பக்கம் தானே திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். படத்தை ஓட விட்டேன்.

"சமையலறை சார். வயசான அம்மா..."

"சும்மா இருய்யா. எனக்குக் கண்ணு இருக்கு."

பேனா திறந்தபடியே இருந்தது. காகிதத்தில் அவர் எதுவும் எழுதவில்லை. அரிசிக் காட்சி வந்தது, போனது.

"எழுதலையா சார்?"

"மார்ச் வரைக்கும் நேரம் இருக்கே," என்றார். "இன்னொரு தரம் முதல்லேர்ந்து போடு."

முதலிலிருந்து போட்டேன்.